முகாமுக்கு வர மறுக்கும் அப்பத்தா

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் என் அப்பத்தா, வயது 76, சமையலுக்கு ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஊரில் இலவசக் கண் முகாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். "நாலு பேருக்குக் கொடுத்த வீடு இது. நான் போய் இலவசத்துக்கு வரிசையில் நிற்பதா? அந்த ஆபரேஷன் எப்படி இருக்குமோ!" என்கிறார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகி, சென்னை

பதில்: அன்பு மகளே, நான் கண் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். காரைக்குடிதான் எனக்கு ஊர். அப்பத்தாவின் மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மங்கிய கண்ணோடு அவர் நடு முற்றமான வளவின் படியில் இறங்குவதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. வெயில் பட்டு மின்னும் ஆத்தங்குடிக் கல் தரையில், புரை விழுந்த கண்ணுக்குப் படி எது, தரை எது என்று தெரியாது. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது பெரும்பாடு. "புரை முற்றட்டும்" என்பதும் பழைய கால வழக்கம். முற்ற முற்ற ஆபரேஷன்தான் கடினமாகும்.

இலவசம் என்றால் மட்டம் என்ற பயத்துக்கு, மதுரை அரவிந்த் மருத்துவமனையின் கதையைச் சொல்லுங்கள். டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர், அரசுப் பணியில் ஓய்வுபெற்று 58 வயதில், 1976-இல், 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். லாபம் யார் பைக்கும் போகாத அறக்கட்டளை அது. வசதி உள்ளவர் கட்டும் பணத்தில் மிஞ்சுவது, இல்லாதவரின் சிகிச்சைக்குப் போகிறது. கட்டணப் பிரிவில் தனி அறை உண்டு, ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸிலும் விலை கூடியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கத்தி பிடிக்கும் டாக்டர்கள் இரண்டு பிரிவிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டவில்லை என்று 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். முகாமில் புரை என்று கண்டால் பஸ்ஸில் அழைத்துப்போய், தங்க இடமும் சாப்பாடும் தந்து, ஆபரேஷன் முடித்து ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

மானத்துக்கு வருவோம். வியாபாரத்தில் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு எடுத்துவைத்துக் காசியில் சத்திரம் கட்டியவர்கள் உங்கள் நகரத்தார். அந்தச் சத்திரத்தில் இலை போட்டு உட்கார்ந்தவரை அப்பத்தா என்றாவது இளக்காரமாக நினைத்திருப்பாரா? இதுவும் அப்படிப்பட்ட ஏற்பாடுதான் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மனம் ஒப்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். முகாமில் பரிசோதனை மட்டும் செய்துகொண்டு, மதுரைக்குப் போய்ப் பணம் கட்டியே ஆபரேஷன் செய்துகொள்ளட்டும். அவர் கட்டும் பணம் இன்னொருவர் கண்ணுக்கும் உதவும். அவருக்கு இந்த வழிதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முகாமின் பந்தல், சாப்பாட்டுச் செலவை உள்ளூர்க்காரர்கள் ஏற்பது வழக்கம். விருப்பமிருந்தால் அதிலும் உங்கள் வீடு பங்கெடுக்கலாம்.

எனக்குக் கவலையெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகுதான். ஒரு மாதம் போலச் சொட்டு மருந்து விடவேண்டும், நேரம் தவறக்கூடாது. சமையல் செய்யும் பெண்ணுக்கு நீங்களே செய்து காட்டுங்கள்: சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குப்பியின் முனை கண்ணில் படக்கூடாது. டாக்டர் சொல்லும் வரை தலைக்குக் குளிக்கக்கூடாது. விறகடுப்புப் பக்கமும் அப்பத்தா போகவேண்டாம். கண் வலித்தாலோ, சிவந்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும். மதுரைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிறு ஊர்களில் அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் கண் மையங்கள் நடத்துகிறார்கள்; அங்கே பயிற்சி பெற்றவர் பரிசோதிப்பார், பெரிய மருத்துவமனையிலுள்ள டாக்டர் கணினித் திரையில் பார்த்துப் பேசுவார். கானாடுகாத்தானுக்கு அருகில் எது என்று முகாமிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எது சாப்பிட்டாலும் அட்டையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஒரு கண் முடிந்து, டாக்டர் சொல்லும் இடைவெளி விட்டுத்தான் அடுத்த கண். இரண்டு முறையும் முதல் வாரம் நீங்கள் லீவு போட்டுவிட்டு ஊரில் இருங்கள்.