பழைய பிரிட்டிஷ் ஓவியங்களில் வீட்டுப் பணியாளர்கள்: எது சான்று, எது கற்பனை?

கேள்வி: 18, 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் வீட்டுப் பணியாளர்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். ஓவியங்களையும் சான்றாகச் சேர்க்க விரும்புகிறேன். படத்தில் இருப்பவர் உண்மையிலேயே அந்த வீட்டில் வேலை பார்த்தவரா, ஓவியரின் கற்பனையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கே தேடுவது?

பதில்: முகத்தைப் பார்ப்பதற்கு முன், படம் யார் காசில், எதற்காக வரையப்பட்டது என்று பாருங்கள். பணியாளர்கள் வரும் பிரிட்டிஷ் ஓவியங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் உருவானவை. எஜமானரே தன் பணியாளரைத் தனியாக வரையச் சொன்னது ஒன்று. எஜமானரின் குடும்பப் படத்தில் பணியாளரும் ஓரத்தில் நிற்பது இன்னொன்று. யாரும் கேட்காமல், விற்பனைக்காகவே ஓவியர் ஓர் அழகான வேலைக்காரப் பெண்ணை வரைந்தது மூன்றாவது. ஆய்வேடுகள் அதிகம் சறுக்குவது இந்த மூன்றாவது வகையில்தான்.

ஹென்றி ராபர்ட் மோர்லேண்ட் வரைந்த இரண்டு படங்கள் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பெண் துணிக்குச் சோப்புப் போடுகிறாள், மற்றதில் ஒருத்தி இஸ்திரி போடுகிறாள். இரண்டும் சுமார் 1765க்கும் 1782க்கும் இடைப்பட்டவை. பார்த்தவுடன் சலவையறை வாழ்க்கைக்கு நேரடிச் சாட்சி போலத் தோன்றும். ஆனால் உடையைக் கவனியுங்கள்: ரிப்பனும் மினுமினுக்கும் துணியும் கலையாத தலையுமாக இருக்கிறாள். நாள் முழுக்க நீராவியிலும் சலவைக் காரத்திலும் நின்ற கை அப்படி வெளுத்து மென்மையாக இருக்காது. இவை சந்தைக்காக வரைந்தவை. அந்தக் காலத்தில் இவ்வகைக்கு ‘ஃபேன்சி பிக்சர்’ என்றே பெயர். பிற்காலத்தில் இவற்றில் இருப்பவர்கள் கன்னிங் சகோதரிகள் என்ற பிரபல அழகிகள்தான் என்றொரு கதை கிளம்பியது, அதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே இப்படிப்பட்ட படத்தை ‘பணியாளர் எப்படி வாழ்ந்தார்’ என்பதற்குக் காட்டாதீர்கள். ‘வாங்கியவர்கள் வேலைக்காரப் பெண்ணை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டார்கள்’ என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தனியாக வரையப்பட்ட பணியாளர் படங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் விஷயம் நிறைந்தவை. இங்கே முதலில் அளவு நாடாவை எடுங்கள். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் கேன்வாஸ் குறிப்பிட்ட சில அளவுகளில்தான் விற்றது: தலையும் தோளும் மட்டும் வர 30க்கு 25 அங்குலம், ‘ஹாஃப் லெங்த்’ (அரை உருவம்) எனப்படுவதற்கு 50க்கு 40, முழு உருவத்துக்கு ஏறத்தாழ 94க்கு 58. ஓவியரின் கூலி இந்த அளவைப் பொறுத்தே ஏறியது. எனவே அருங்காட்சியகப் பட்டியலில் தரும் சென்டிமீட்டரை அங்குலமாக்கிப் பார்த்தாலே எஜமானர் எவ்வளவு செலவழிக்கத் தயாராக இருந்தார் என்று ஓரளவு பிடிபடும்.

17ஆம் நூற்றாண்டிலேயே, முழு உருவப் படம் என்றால் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியது என்பது வழக்கம். அதனால்தான் ஜான் ரைலி 1686இல் வரைந்த பிரிட்ஜெட் ஹோம்ஸ் படம் இன்றும் ஆச்சரியப்படுத்துகிறது. அரண்மனையில் மலப்பாத்திரங்களைச் சுத்தம் செய்தவர் அவர். படத்தின் உயரமோ சுமார் 225 சென்டிமீட்டர். பின்னால் திரைச்சீலை, அருகே பீடத்தின்மேல் பெரிய ஜாடி என்று ராஜகுடும்பப் படங்களுக்குரிய சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. கையில் மட்டும் துடைப்பம். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் இளம் பணியாளனை நோக்கி அதை ஆயுதம்போல் பிடித்திருக்கிறார். அவர் வயது 96 என்று குறித்திருக்கிறார்கள். படம் இப்போது பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கலைச் சேகரிப்பான ராயல் கலெக்ஷனில் இருக்கிறது. இதில் மரியாதையும் உண்டு, அரண்மனையின் வேடிக்கையும் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினால் பாதிப் படத்தைத்தான் எழுதியிருப்பீர்கள்.

வேல்ஸில் ரெக்ஸம் அருகே உள்ள எர்டிக் மாளிகை உங்கள் ஆய்வுக்குக் கட்டாயம் வேண்டும். அங்கே மாளிகையின் உரிமையாளர்களான யார்க் குடும்பத்தார் 1790களில் தச்சர், வேட்டைக்காவலர், வீடு பெருக்கிய மூதாட்டி என்று பணியாளர்களை வரையவைத்து, படத்தின் மேலேயே செய்யுளும் எழுதிவைத்தார்கள். ஜேன் எப்ரெல் என்ற மூதாட்டியின் படம் 1793ஐச் சேர்ந்தது. பெயர், தொழில், குடும்பத்தோடு உறவு எல்லாம் படத்திலேயே கிடைப்பதால் இது அபூர்வமான தொகுப்பு. ஆனால் செய்யுள் எஜமானர் பேசும் பேச்சு, பணியாளருடையது அல்ல. அதே வீட்டில் வண்டிக்காரப் பையனாகக் காட்டப்படும் கறுப்பின இளைஞர் ஒருவரின் பழைய படமும் உண்டு. அதிலுள்ள செய்யுள் பல பத்தாண்டுகள் கழித்துச் சேர்த்தது. அதை எழுதிய பிலிப் யார்க்கே, இவரைப் பற்றித் தனக்குத் தகவல் சொற்பம்தான் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். படத்தில் எழுத்து இருந்தால், அது எப்போது எழுதப்பட்டது என்பதைத் தனியாக விசாரிப்பது இதனால்தான் அவசியம்.

18ஆம் நூற்றாண்டு லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் தன் வீட்டுப் பணியாளர்கள் ஆறு பேரை 1750–55 வாக்கில் வரைந்த படம் டேட்டில் உள்ளது. அதன் அளவு 63க்கு 75.5 சென்டிமீட்டர், அதாவது ஒரு தலைக்குரிய வழக்கமான கேன்வாஸைப் படுக்கவைத்து அதில் ஆறு தலைகள். வெள்ளைத் தொப்பியில் மூன்று பெண்கள், ஒரு சிறுவன், நடுவயதுக்காரர் ஒருவர், ஒரு முதியவர். கையும் இல்லை, கருவியும் இல்லை, தட்டும் இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்க்கவும் இல்லை. வேலையைக் காட்டாமல் ஆளை மட்டும் காட்டும் படம் அந்த நூற்றாண்டில் மிக அரிது. ஆனால் இன்ன முகம் இன்னாருடையது என்று பெயர் பொருத்தும் இணையக் குறிப்புகளை நம்பி எடுத்தாளாதீர்கள், படத்தில் பெயர் எதுவும் இல்லை.

இனி ஓரத்தில் நிற்பவர்கள். சென்னைக்கு நேரடித் தொடர்புள்ள படம் ஒன்று இந்த வகையில் இருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த எலைஹு யேல், சுமார் 1719இல் லண்டனில் குடும்பத்தாரோடு மேசையில் அமர்ந்திருக்கும் படம் அது. ஜான் வெரல்ஸ்ட் வரைந்ததாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. வலது ஓரத்தில் மது பரிமாறும் கறுப்பினச் சிறுவனின் கழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வெள்ளி நிறக் கழுத்துப்பட்டை, அதில் பூட்டு. அவன் கூலிக்கு நின்றவன் அல்ல, அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை. 2020இல் மையம் இந்தப் படத்தை இறக்கிவைத்து ஆராய்ந்தது. இப்போது தலைப்பிலும் அவன் அடிமைப்படுத்தப்பட்டவன் என்றே குறிப்பிடுகிறார்கள். பழைய பட்டியலில் ‘சர்வன்ட்’ (பணியாளர்) அல்லது ‘பேஜ்’ (ஏவல் சிறுவன்) என்று இருப்பதைக் கண்டு சம்பளப் பணியாளர் கணக்கில் யாரையும் சேர்த்துவிடாதீர்கள். கழுத்துப்பட்டை தெரிந்தால் கேள்வியே வேறு.

எச்சரிக்கை எதிர்ப்பக்கமும் தேவை. ஸ்காட்லாந்தின் ஸ்கோன் அரண்மனையில் உள்ள, டேவிட் மார்ட்டின் 1770களின் இறுதியில் வரைந்த படத்தில் தலைப்பாகையும் கையில் பழங்களுமாக ஒரு கறுப்பினப் பெண் இருக்கிறார். இந்த இரண்டு அடையாளங்களை மட்டும் வைத்தால் அவரை வேலைக்காரி என்று எழுதிவிடுவோம். அவர் டைடோ எலிசபெத் பெல், நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபுவின் உறவுப் பேத்தி, அவர் வீட்டிலேயே வளர்ந்தவர். உடை விலையுயர்ந்த சாட்டின், கழுத்தில் முத்து. உடன் இருக்கும் உறவுச் சகோதரி எலிசபெத் மரே கையை நீட்டி அவரைத் தொடுகிறார். அதனால் ஒரே அடையாளத்தில் நிற்காமல், துணியின் தரம், யார் யாரைத் தொடுகிறார்கள், யார் மண்டியிட்டிருக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1765 வாக்கில் வரைந்த ஜார்ஜ் கிளைவ் குடும்பப் படத்தில் (பெர்லின் கெமால்டகலரி) இந்திய ஆயா மண்டியிட்டுக் குழந்தையைத் தாங்கியிருக்கிறார். அவர் ஆயா என்பதற்கு ஆடையைவிட அந்த இருப்பே தெளிவான சான்று.

உடையைக்கொண்டு காலம் சொல்லும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கறுப்பு கவுன், வெள்ளை ஏப்ரன் சீருடை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் பரவியது. அதற்கு முன் வேலைக்காரப் பெண்ணுக்குச் சீருடை கிடையாது. எஜமானியம்மாள் கழித்துக்கட்டிய கவுனையே பலர் போட்டுக்கொண்டார்கள். வேலைக்காரி யார், வீட்டம்மா யார் என்று தெரியவில்லை என 1725இலேயே டேனியல் டிஃபோ எரிச்சலோடு எழுதினார். ஆண்கள் விஷயம் வேறு. சரிகை வைத்த லிவரி (வீட்டுச் சீருடை) அணிந்த ஃபுட்மேன் என்ற ஆண் பணியாளர், வீட்டின் செல்வத்துக்கு விளம்பரம். 1777இல் ஆண் பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கினி (பழைய பிரிட்டிஷ் பொற்காசு) என்று வரியே போட்டார்கள். பெண் பணியாளருக்கும் 1785 முதல் 1792 வரை வரி இருந்தது. குடும்பப் படங்களில் சமையல்காரி தென்படாமல் லிவரிக்காரர் தென்படுவதற்கு, அவர் இப்படிச் செல்வத்தின் விளம்பரமாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். ஆகவே படங்களில் எண்ணிப் பார்த்து ‘ஆண் பணியாளர்களே அதிகம்’ என்று முடிவுக்கு வராதீர்கள்.

தேடுவதற்கு ஆர்ட் யூகே தளத்தில் தொடங்குங்கள். பிரிட்டனின் பொதுச் சேகரிப்புகளில் உள்ள எண்ணெய் வண்ண ஓவியங்கள் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். ‘சர்வன்ட்’ என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். ‘மெய்ட்’, ‘ஃபுட்மேன்’, ‘பேஜ்’, ‘க்ரூம்’, ‘நர்ஸ்’, ‘அட்டெண்டன்ட்’, ‘கேம்கீப்பர்’, ‘ஆயா’ என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தேடுங்கள். தலைப்பில் எஜமானர் பெயர் மட்டும் இருக்கும் குடும்பப் படங்களை வேறு வழியில்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்போது வெட்டிய படத்தைப் பார்க்காதீர்கள். பணியாளர் நிற்பதே ஓரத்தில் என்பதால், இணையத்தில் உலவும் பிரதிகளில் முதலில் வெட்டுப்படுபவர் அவர்தான். சட்டத்தோடு உள்ள முழுப் படத்தையோ, பட்டியலில் உள்ள அளவோடு பொருந்தும் பிரதியையோ எடுங்கள். ஓவியத்தைப் பார்த்துத் தகட்டில் செதுக்கி எடுத்த அச்சுப்படம் கிடைத்தால் இடவலம் மாறியிருக்கக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஹோகார்த்தின் ‘மேரேஜ் அ லா மோட்’ ஓவியங்களும் அவற்றின் அச்சுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்.

பெயரை உறுதிசெய்ய அந்த வீட்டின் சம்பளக் கணக்கு, பாரிஷ் (உள்ளூர்த் தேவாலய) பதிவேடு, வரிப் பட்டியல் ஆகியவற்றை ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பணியாளர் பெயர்கள் உண்டு. படம் வரைந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பெயர் தொடர்ந்து வந்தால் நம்பிக்கையோடு எழுதலாம். யேல் மையம் தன்னிடமுள்ள, பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத படங்களை உயர்தரத்தில் இலவசமாகத் தருகிறது. மற்ற இடங்களில் அச்சிட அனுமதியும் கட்டணமும் தேவைப்படலாம் என்பதால் ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். படக்குறிப்பில் எஜமானர் பெயருக்குப் பக்கத்தில் பணியாளரையும் தவறாமல் குறிப்பிடுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் ‘பெயர் பதிவாகாத ஆயா’, ‘பெயர் பதிவாகாத சிறுவன்’ என்று போடுங்கள்.