மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா முஸ்லிம் அகதிகளால் வங்கதேசத்தின் பாதுகாப்புக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்தில் முதலில் சாகிறவர்களும் ரோஹிங்கியாக்கள்தான். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆறவே ஆறாது.

2017 ஆகஸ்ட் 25 அன்று 'ஆர்சா' என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் போலீஸ் சாவடிகளைத் தாக்கியது. ராணுவம் அதற்குப் பழிவாங்க ஊர் ஊராகக் கொளுத்தியது. சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்து சேர்ந்தார்கள். 1978இலும் 1991-92இலும் இப்படித்தான் லட்சக்கணக்கில் வந்தார்கள். இப்போது மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல். முகாம்கள் இருக்கும் உக்கியா, டெக்னாஃப் பகுதிகளில் உள்ளூர்க்காரர்களே சிறுபான்மையாகிவிட்டார்கள். அங்கே கூலி இறங்கியது, முகாமுக்காகவும் விறகுக்காகவும் காடு அழிந்தது. அவர்கள் மனக்குறை நியாயமானது. கேஸ் சிலிண்டர் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் விறகு வெட்டுவது குறைந்தது.

சரி, முகாமுக்குள் என்ன நடக்கிறது? முறையாக வேலைக்குப் போக அனுமதி இல்லை. உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. குடிசை மூங்கிலும் தார்ப்பாயும்தான், சுற்றிலும் முள்வேலி. உணவுக்கு ஆளுக்கு மாதம் 12 டாலர் கிடைத்துக்கொண்டிருந்தது. நன்கொடை வற்றியதால் 2023இல் அதை 8 டாலராகக் குறைத்தார்கள். அப்போது ஒரு நாளைக்கு 27 சென்ட் வைத்துக்கொண்டு ஒருவர் என்ன சாப்பிட்டிருக்க முடியும்? மியான்மரிலிருந்து யாபா போதை மாத்திரை வந்து இறங்குகிற பாதையும் இங்கே எல்லையில் ஓடும் நாஃப் ஆறுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையனிடம், ஒரு பொட்டலத்தைக் கைமாற்றினால் பணம் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அவன் எத்தனை நாள் மறுப்பான்?

சாயங்காலம் தொண்டு நிறுவன ஊழியர்கள் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் பல இடங்களில் ஆர்சாவும், நெடுநாள் அதன் எதிரியாக இருந்த ஆர்.எஸ்.ஓ. என்ற இன்னொரு ரோஹிங்கியா ஆயுதக் குழுவும் வைத்ததுதான் சட்டம். ஒவ்வொரு பகுதிக்கும் 'மாஜி' என்று ஒரு பொறுப்பாளர் உண்டு. போலீசுக்குத் தகவல் சொல்கிறார் என்ற சந்தேகம் வந்தாலே அவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. முஹிப் உல்லா குடிசை குடிசையாகப் போய், ராக்கைனில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பட்டியல் எடுத்தவர், அமைதியாக நாடு திரும்பவேண்டும் என்று பேசியவர். 2021 செப்டம்பர் 29 இரவு முகாமிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆர்சா ஆட்கள்தான் செய்தார்கள் என்றது போலீஸ். ஆயுதக் குழுக்களுக்கு எதிராக மக்களைத் திரட்டக்கூடியவர் அவர். அவரைக் காப்பாற்ற முடியாமல் போனது வங்கதேசத்தின் பாதுகாப்புக்கே நஷ்டம் என்பேன்.

பிரச்சினை முகாமோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆர்சா தலைவர் அதாவுல்லாவை 2025 மார்ச்சில் பிடித்தது டாக்காவை ஒட்டிய நாராயண்கஞ்சில்.

வேலை கொடுத்தால் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்று டாக்கா பயப்படுகிறது. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் வேலை கொடுக்காததால் யாராவது திரும்பிப் போனார்களா? 2019 ஆகஸ்டில் திருப்பி அனுப்ப பஸ்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், ஒருவர்கூட ஏறவில்லை. மியான்மர் குடியுரிமை கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் யார் ஏறுவார்கள்? இப்போது நிலைமை இன்னும் சிக்கல். 2024 டிசம்பரில் எல்லையோர ஊரான மௌங்டாவைப் பிடித்ததோடு, எல்லைக்கு அந்தப் பக்கம் முழுவதும், மியான்மர் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் ஆர்மி என்ற ராக்கைன் ஆயுதக் குழுவின் கைக்குப் போய்விட்டது. ரோஹிங்கியாக்களைக் கொன்றதாக அவர்கள் மீதும் குற்றச்சாட்டு இருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து மட்டும் இன்னும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் புதிதாக வந்திருக்கிறார்கள்.

அதனால் என் பதில் இதுதான்: இவர்கள் இன்னும் பல வருடம் இங்கேதான் இருப்பார்கள் என்று ஒப்புக்கொண்டு, முகாமில் சம்பளத்துக்கு வேலை, செல்லுபடியாகும் சான்றிதழோடு படிப்பு, சாட்சி சொல்கிறவர்களுக்குப் பாதுகாப்பு, இந்த மூன்றையும் வங்கதேசம் இப்போதே தொடங்க வேண்டும். அதற்கான செலவில் பெரும்பங்கை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும்.