ரூமில் எல்லாரும் கஞ்சா இழுக்கிறார்கள் என்று கேட்ட ஏற்காட்டுத் தம்பிக்கு

தம்பி, மே மாதம் கனடாவில் பிராம்ப்டனுக்குப் படிக்க வந்தாய், வயது 20, கூட இருக்கும் பையன்கள் ராத்திரியானால் கஞ்சா இழுக்கிறார்கள், 'கவர்மெண்டே லைசென்ஸ் கொடுத்து விக்குது, மூலிகைதானே, நல்லா தூக்கம் வரும்' என்கிறார்கள், நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இதை உன் அம்மாவும் சொல்வார், அதனால் நான் காரணத்தோடு சொல்கிறேன்.

சட்டம் அனுமதிப்பது உண்மை. 2018 அக்டோபர் 17 முதல் கனடா முழுக்க விற்பனை உண்டு, நீ இருக்கிற ஒன்டாரியோ மாநிலத்தில் 19 வயது ஆகியிருந்தால் வாங்கலாம், 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். ஆனால் உடம்புக்கு நல்லது என்று யாரும் அனுமதிக்கவில்லை. கள்ளச் சந்தைக்குப் போகும் காசைத் தடுக்கவும், சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் செய்யவும்தான் அந்தச் சட்டம் வந்தது. டாஸ்மாக்கை அரசாங்கம் நடத்துகிறது என்பதால் பிராந்தி டானிக் ஆகிவிடுமா?

மூலிகைப் பேச்சையும் விட்டுவிடு. போதை தருவது டி.எச்.சி என்கிற பொருள். 1980-களில் கஞ்சாவில் அது 3 சதவீதம் அளவில்தான் இருந்தது, இன்று கடையில் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கு சாதாரணமாகக் கிடைக்கிறது. மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது, ஞாபகம், கவனம், முடிவெடுக்கும் திறன் எல்லாம் அந்த வயதில்தான் கெட்டிப்படும். எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை, வாரக் கடைசியில் இழுத்துவிட்டு திங்கட்கிழமை ஒழுங்காக வேலைக்கு வருகிறவர்களோடுதான் நானும் வேலை பார்க்கிறேன். ஆனால் யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது முதலிலேயே தெரியாது. முக்கியமாக, வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற மனநோய் இருந்திருந்தால், இளம் வயதில் அடிக்கடி எடுக்கிறவர்களுக்கு அந்த நோய் வரும் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. நம் பக்கம் இதையெல்லாம் 'காத்து கருப்பு', 'செய்வினை' என்று மூடி மறைத்துவிடுவார்கள். மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அப்படி ஏதாவது இருந்ததா என்று அம்மாவிடம் நேராகவே கேட்டுவிடு.

எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் ஆத்தூர்ப் பையன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். யாரோ சொன்னார்கள் என்று கஞ்சா மிட்டாய் வாங்கி வந்து பாதி தின்றிருக்கிறான், முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை, சரி இது வேலை செய்யாது என்று மீதியையும் தின்றுவிட்டான். புகை என்றால் சில நிமிடத்தில் ஏறும், வயிற்றுக்குள் போனால் தெரியவே 2 மணி நேரம் வரை ஆகலாம், முழுசாக ஏற 4 மணி நேரம்கூட ஆகும். ஒரு பாக்கெட்டில் டி.எச்.சி 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம், புதிதாகத் தின்கிறவருக்கு அதுவே மிக அதிகம். ராத்திரி கதவைத் தட்டினான், முகமெல்லாம் வியர்வை. 'அக்கா நெஞ்சு வெடிக்குது, நான் சாகப்போறேன், அம்மாவுக்கு போன் போடுங்க.' வாஷிங் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு மணி என்ன என்று கேட்பான், சொன்னால் அடுத்த நிமிடமே மறுபடி கேட்பான். இங்கே மருத்துவ ஆலோசனை கேட்கும் 811 எண்ணுக்குப் போன் போட்டு நர்ஸ் சொன்னபடி தண்ணீர் கொடுத்து, பேசிக்கொண்டே கூட இருந்தேன். மறுநாள் மதியம் வரை தலை தூக்க முடியவில்லை அவனால்.

அது ஒரு நாளில் போய்விட்டது. நான் அதிகம் பயப்படுவது சத்தமில்லாமல் மாறிப்போகிற பையன்களைப் பற்றித்தான். காலை வகுப்பு போகும், அப்புறம் அசைன்மெண்ட் போகும், எதிலும் பிடிப்பு இருக்காது, வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கத் தோன்றாது, கேட்டால் சுள்ளென்று கோபம் வரும். பயன்படுத்துகிறவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவர் விட முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் 6 பேரில் ஒருவர். ஆரம்பத்தில் தூக்கம் வரும் என்பது நிஜம்தான், ஆனால் போகப்போக அதே அளவு போதாது, நிறுத்தினால் தூக்கமே வராது, பசி இருக்காது, கெட்ட கனவாக வரும். பல வருடம் இழுத்தவர்களில் சிலருக்கு நிற்காத வாந்தி வந்து, சுடுதண்ணீரில் நின்றால்தான் அடங்கும் என்கிற நிலைமையும் உண்டு.

விசாவில் இருக்கிற உனக்கு இன்னொரு பயமும் இருக்க வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஓட்டியவன், கொஞ்சம் இழுத்துவிட்டு ஓட்டினால் என்ன என்று தோன்றலாம். ஒன்டாரியோவில் 21 வயது வரையும், ஜி2 என்கிற புது ஓட்டுநர் லைசென்ஸ்காரர்களுக்கும், எச்சில் சோதனையில் தெரிந்தாலே லைசென்ஸைத் தற்காலிகமாக முடக்கிவிடுவார்கள். போதையில் ஓட்டிய குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை 2018 டிசம்பர் முதல் 10 வருடம், குடியேற்றச் சட்டத்தில் அது கடுமையான குற்றம், பி.ஆர். என்கிற நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக் கனவே போய்விடும். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. கனடா எல்லையைத் தாண்டி எடுத்துப்போவதே குற்றம், வழியில் துபாயில் இறங்கினால் அங்கே சட்டம் ரொம்பக் கடுமை, இந்தியாவில் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சிறு அளவுக்கே ஒரு வருடம் வரை சிறை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக நான் இப்போது சேலம் அம்மாபேட்டையில்தான் இருக்கிறேன், சேலம் ஜங்ஷனில் ரயிலில் கஞ்சா பிடித்தார்கள் என்ற செய்தி இன்னமும் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது.

உன் நிஜப் பிரச்சினை தூக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட் முடித்து, வெளிச்சம் அடிக்கிற ரூமில் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? ஜன்னலுக்குக் கெட்டியான திரை போடு, ஷிஃப்டின் கடைசிப் பாதியில் காபி குடிக்காதே, முடிந்தால் பகல் ஷிஃப்ட் கேள். காலேஜில் கவுன்சிலிங் இலவசமாகவே கிடைக்கும், நீ சொல்வது உன் வீட்டுக்குப் போகாது. பையன்களிடம் ரூமுக்குள் இழுக்காதீர்கள், வெளியே போங்கள் என்று நயமாகச் சொல்லிப் பார். கேட்கவில்லை என்றால் ரூம் மாறிவிடு. காலேஜ் எந்தப் பக்கம், வாடகை எவ்வளவு வரை முடியும் என்று எழுது, தெரிந்த வீடுகளில் விசாரித்து வைக்கிறேன்.