'இங்' என்று தொடங்கினால் காற்புள்ளியா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் 'ரீடிங் ஸ்டோரி புக்ஸ், இஸ் மை ஹாபி' என்று எழுதியிருந்தாள். காற்புள்ளி தவறு என்று அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். 'இங்' என்று முடியும் சொல்லில் தொடங்கும் தொடருக்குப் பின் காற்புள்ளி போட வேண்டும் என்றுதான் டியூஷனில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுத்த பக்கத்தில் 'மை அங்கிள், எ பஸ் டிரைவர் லிவ்ஸ் இன் சேலம்' என்ற வாக்கியத்திலும் சிவப்பு வட்டம். எதை நம்புவது?

பதில்: திருத்திய ஆசிரியர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, அம்மா. உங்கள் மகளுக்குக் கிடைத்தது பாதி விதி. பிள்ளைகளைப் பாதி விதி படுத்துகிற பாடு எனக்கு நன்றாகத் தெரியும். விதியே தெரியாத பிள்ளை தயங்கி யோசிக்கும். பாதி தெரிந்த பிள்ளை துணிந்து தவறு செய்யும்.

ஒரு தொடருக்குக் காற்புள்ளி வேண்டுமா என்பதை, அது வாக்கியத்தில் பார்க்கும் வேலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'ரீடிங்' என்ற ஒரே உருவம் ஆங்கிலத்தில் பல வேலைகளுக்குப் போகிறது. தமிழில் அந்த வேலைகளுக்குத் தனித்தனி உருவங்கள் இருக்கின்றன. அதனால் தமிழ்ப் பிள்ளைக்கு இது உண்மையில் எளிதான பாடம்.

மகளை ஒரு பென்சில் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் வாக்கியத்தின் முற்றுவினையை வட்டமிட வேண்டும். அவளுடைய வாக்கியத்தில் அது 'இஸ்'. எது பொழுதுபோக்கு என்று கேட்டால் 'ரீடிங் ஸ்டோரி புக்ஸ்' என்று பதில் வரும். அதுதான் எழுவாய். எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி நிற்கக் கூடாது. இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'கதைப் புத்தகம் படிப்பது என் பொழுதுபோக்கு.' படிப்பது என்பது தொழிற்பெயர். ஆங்கிலத்தில் இதற்கு ஜெரண்ட் என்று பெயர். பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்பதால் அதற்குக் காற்புள்ளி கிடையாது.

இப்போது 'ரீடிங் ஸ்டோரி புக்ஸ், ஷி ஃபர்காட் ஹர் டின்னர்' என்பதைப் பாருங்கள். முற்றுவினை 'ஃபர்காட்'. மறந்தது யார்? 'ஷி'. அப்படியானால் முன்னால் நிற்கும் தொடர் எழுவாய் இல்லை. தமிழில் 'கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்து சாப்பாட்டை மறந்துவிட்டாள்' என்று வினையெச்சமாக வரும். இது பார்ட்டிசிப்பிள் தொடர். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் காற்புள்ளி கட்டாயம். டியூஷனில் சொன்ன விதி இதற்கு மட்டும்தான் பொருந்தும்.

'டு' என்று தொடங்கும் இன்ஃபினிட்டிவ் தொடருக்கும் இதே சோதனைதான். 'டு பாஸ் த எக்ஸாம் இஸ் ஹர் ட்ரீம்': தேர்ச்சி பெறுவது அவள் கனவு, காற்புள்ளி இல்லை. 'டு பாஸ் த எக்ஸாம், ஷி ரீட்ஸ் அட் நைட்': தேர்ச்சி பெற இரவில் படிக்கிறாள், காற்புள்ளி உண்டு.

காற்புள்ளி சரியாக இருந்தும் வாக்கியம் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. 'வாக்கிங் டு த ஸ்டேஷன், மை அம்ப்ரெல்லா ஃப்ளூ அவே.' ஸ்டேஷனுக்கு நடந்து போனது யார்? இந்த வாக்கியத்தின்படி குடைதான் நடந்து போயிருக்கிறது. நடந்து, படித்து போன்ற 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின், அதாவது அந்தச் செயலைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது நம் இலக்கணம் சொல்லும் முறை. வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ஆங்கிலப் பார்ட்டிசிப்பிள் தொடரும் அதையே கேட்கிறது. 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு த ஸ்டேஷன்' என்று நடந்தவரை உள்ளே கொண்டுவந்துவிட்டால் வாக்கியம் நேராகிவிடும்.

'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்கிறோமே, அங்கே பெய்தது ஒன்று, நிறைந்தது வேறொன்று. இப்படித் தனக்கென்று ஒரு வினைமுதலை வைத்துக்கொள்ளும் தொடர் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதை அப்சல்யூட் தொடர் என்பார்கள். 'த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வி வென்ட் ஹோம்.' இதற்கு எப்போதும் காற்புள்ளி வேண்டும். 'ஸ்டாப்ட்' என்பதைப் பார்த்து முற்றுப்புள்ளி வைத்துவிடும் பிள்ளைகள் பலர். 'ஹேவிங் ஸ்டாப்ட்' முற்றுவினை ஆகாது. மழை நின்றுவிட என்று அந்தரத்தில் நிற்கிறது.

பெயருக்குப் பின்னால் வரும் தொடர்களில்தான் பொருளே மாறிப்போகும். 'த பாய் ஸ்டாண்டிங் நியர் த கேட் இஸ் மை சன்.' கேட் அருகே நிற்கும் பையன் என்று பெயரெச்சமாக வருகிறது. அந்தத் தொடரை எடுத்துவிட்டால் எந்தப் பையன் என்று தெரியாது. ஆளை அடையாளம் காட்டும் தொடரைக் காற்புள்ளியால் பிரிக்கக் கூடாது. 'ராமு, ஸ்டாண்டிங் நியர் த கேட், வேவ்ட் அட் மி' என்பதில் ஆள் ராமு என்று முன்பே தெரிந்துவிட்டது. தொடர் கூடுதல் செய்திதான். அதனால் முன்னும் பின்னும் இரண்டு காற்புள்ளிகள்.

உங்கள் மகளின் இரண்டாவது வாக்கியத்துக்கு இப்போது வரலாம். 'எ பஸ் டிரைவர்' என்பது அங்கிளையே வேறு பெயரால் சொல்லும் தொடர்; அப்போசிடிவ் என்பார்கள். கூடுதல் செய்தியான அதை இரு பக்கமும் அடைக்க வேண்டும். அவள் கதவைத் திறந்துவிட்டு மூடாமல் போய்விட்டாள். 'மை அங்கிள், எ பஸ் டிரைவர், லிவ்ஸ் இன் சேலம்' என்று 'டிரைவ'ருக்குப் பின் இன்னொரு காற்புள்ளி வைத்தால் போதும்.

அப்போசிடிவிலும் அடையாளக் கணக்கு உண்டு. 'மை பிரதர் ராமு' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் ராமு என்பவர் என்று பொருள்படலாம். 'மை பிரதர், ராமு,' என்று எழுதினால் சகோதரர் ஒருவர்தான். உறவுப் பெயரோடு ஒட்டி வரும் ஒற்றைப் பெயருக்கு இதைப் பலர் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. ஆனால் விண்ணப்பக் கடிதத்தில் கவனமாக இருப்பது நல்லது.

'இன்', 'ஆன்', 'ஆஃப்டர்' போன்ற முன்னிடைச் சொல்லோடு தொடங்கும் தொடர்களுக்கு ஆங்கிலம் தளர்வாகவே நடந்துகொள்கிறது. 'இன் 2020 வி மூவ்ட் டு சேலம்' போன்ற குறுந்தொடருக்குக் காற்புள்ளி எழுதுபவர் விருப்பம். 'ஆஃப்டர் த லாங் மீட்டிங் வித் த ஹெட்மாஸ்டர்' என்று நீண்டால் போட்டுவிடச் சொல்லுங்கள். 'ஆன் த டேபிள் லே எ லெட்டர்' என்பதுபோல் தொடரை ஒட்டியே வினை வந்து, எழுவாய் அதற்குப் பின்னால் நின்றால் மட்டும் காற்புள்ளி வேண்டாம்.