இ-ரீடர்கள் ஏன் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை?

இ-ரீடர் என்பது மின்னூல் படிப்பதற்கென்றே செய்த கருவி. காகிதம் போலத் தெரியும் திரை, ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடும். கின்டில், கோபோ, நூக் எல்லாம் இந்த வகைதான். ஆனால் ஒரு நாட்டில் சுலபமாகக் கிடைக்கும் மாடல், இன்னொரு நாட்டில் கண்ணிலேயே படாது.

முக்கியமான சிக்கல் கருவியில் இல்லை, அதன் பின்னால் இருக்கும் புத்தகக் கடையில். கருவியில் லாபம் குறைவு. புத்தகம் விற்றால்தான் காசு. மின்னூல் உரிமையோ நாடு வாரியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரே நாவலை அமெரிக்காவில் ஒரு பதிப்பகமும் பிரிட்டனில் வேறொன்றும் வைத்திருக்கும். உரிமை, வரி, பணம் கட்டும் வழி எதுவும் சரியாகாத நாட்டில் கருவியை மட்டும் விற்பது, கேஸ் இணைப்பு இல்லாத வீட்டுக்கு அடுப்பு விற்பது மாதிரி.

2007இல் வந்த முதல் கின்டில் அமெரிக்காவுக்கு மட்டும்தான். அதிலிருந்த கம்பியில்லா இணைப்பே அங்குள்ள நெட்வொர்க்கை நம்பியிருந்தது. 2009இல்தான் கின்டிலின் அடுத்த மாடல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. வந்த கடை திரும்பிப் போவதும் உண்டு: சீனாவில் கின்டில் மின்னூல் கடை 2023 ஜூனில் மூடப்பட்டது.

அப்புறம், வெளிநாட்டில் வாங்கிய இ-ரீடர் சொந்த நாட்டில் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; வைஃபை இருந்தால் போதும், எந்தக் கடை திறக்கும் என்பதைப் பெரும்பாலும் உங்கள் கணக்கில் பதிவான நாடுதான் தீர்மானிக்கும்.