‘ஊர்ல இல்லை’ன்னு பொய் சொல்லிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 38 வயது. கடலூர் புதுப்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு ரூம், அடுப்படி. கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மகள் எட்டாவது படிக்கிறாள். சொன்னால் சிரிப்பார்களோ என்று இத்தனை நாள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வருகிறவர்களைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் போன் வந்த நிமிஷத்திலிருந்து என் வீட்டை அவர்கள் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஹால் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உரிந்திருக்கிறது. அதன்மேல் காலண்டரை மாட்டி மறைப்பேன். சோபா கிடையாது, நாலு பிளாஸ்டிக் சேர்தான். இந்தக் குறையையெல்லாம் சமையலில் ஈடுகட்டிவிட வேண்டும் என்று விடிகாலை நாலு மணிக்கே எழுந்து முதுநகர் போய் மீன் வாங்கி வந்து, அவர்கள் கிளம்பும்வரை அடுப்படியிலேயே கிடப்பேன். கணவர், “ஏன் இவ்ளோ அலட்டிக்கிற?” என்பார். சொல்லிவிட்டு டிவி பார்ப்பார்.

போன வருஷம் என் பள்ளித் தோழி பெங்களூரிலிருந்து வந்தாள். அவள் அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ரெண்டு நாள் இருந்தாள். இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல், கோழிக் குழம்பு என்று குறையில்லாமல் செய்தேன். கிளம்பும்போது, “உன்கூட உட்கார்ந்து பேசவே முடியலடி” என்றாள். இவ்வளவு செய்தும் இந்தப் பேச்சா என்று அன்று கோபம்தான் வந்தது.

நான் பிறந்தது பண்ருட்டி பக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு உறவுக்காரர் வந்தார். அம்மா விறகடுப்பில் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “புகை நாத்தம் அடிக்குது” என்று திண்ணையில் வைத்துவிட்டார். அம்மா தோட்டத்துப் பக்கம் போய் அழுதது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

தைப்பூசத்துக்கு வடலூர் போவதற்காக என் நாத்தனார் குடும்பம் தாம்பரத்திலிருந்து வருகிறது. அவர், கணவர், ரெண்டு பிள்ளைகள், முட்டிவலியுள்ள மாமியார் என ஐந்து பேர். எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்குகிறார்கள். இதற்கு முன், போன மாதம் ஒரு தடவை அவர் வரலாமா என்று கேட்டபோது, “நாங்க ஊர்ல இல்ல அண்ணி” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த மகள், “அம்மா, நாம வீட்லதானே இருக்கோம்?” என்றாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

தானே புயல் அடித்தபோது சந்தில் இருந்த கூரை வீட்டு ஆட்கள் ஒன்பது பேர் எங்களோடுதான் இருந்தார்கள். அப்போது நான் இப்படி இல்லை. இப்போது ஏன் இப்படி ஆகிவிட்டேன்?

- பெயர் வேண்டாம், கடலூர்

அன்பு மகளுக்கு,

கடைசியில் இரண்டு வரியில் தானே புயலைச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான்.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அந்தப் புயல் கரையைக் கடந்தபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை நானும் பார்த்தேன். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. அந்த நேரத்தில் கல்யாணமாகிப் புதிதாகக் குடித்தனம் வைத்திருந்த நீங்கள் ஒன்பது பேரை உள்ளே விட்டிருக்கிறீர்கள். என்ன சமைத்தீர்கள்? கஞ்சியும் ஊறுகாயுமாகத்தான் இருந்திருக்கும். பாத்திரம் போதியிருக்காது. ஹாலில் கால் நீட்ட இடம் இருந்திருக்காது. சுவரை யாராவது பார்ப்பார்களோ என்று அன்று உங்களுக்குத் தோன்றியதா? வந்தவர்களில் ஒருத்தர் அரிசி களைந்திருப்பார், ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்திருப்பார், ராத்திரியில் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பேசியிருப்பீர்கள்.

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், இந்தப் பிரச்சினை இல்லாமல் இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்போம். அந்த நாளில் அவர் என்ன செய்தார் என்பதில் வழி இருக்கும். உங்களுக்கு அந்த நாள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. நீங்கள் மாறிப்போகவில்லை. அன்று யாரும் மதிப்பெண் போட வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் காபி டம்ளரை நீட்டிவிட்டு முகத்தைப் பார்க்கிறீர்கள். அழுத அம்மாவுக்காகத்தான் இத்தனை வருஷமாக வஞ்சிரம் வறுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த உறவுக்காரர் செய்தது தப்பு. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாத அதை இப்போது நீங்கள் வாய்விட்டுச் சொல்லலாம்.

அந்தச் சுவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் படம் போட்ட டிஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர் நினைத்தார். கேட்டுப் பார்த்ததில் கால்வாசிப் பேர்கூடக் கவனித்திருக்கவில்லை. உங்கள் ஓதச் சுவரும் அந்த டிஷர்ட் மாதிரிதான். நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற உங்கள் நாத்தனாரின் மாமியார் முதலில் தேடப்போவது பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள். வாசலுக்கு நீங்களே வந்து “வாங்க அண்ணி, வாங்கம்மா” என்று சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பாத்ரூமைக் காட்டி, இது உங்களுக்கு என்று ஒரு துண்டைக் கையில் கொடுங்கள். போன் சார்ஜ் போடும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் அவர்கள் அடுத்த அரை மணி நேரம் எதுவும் கேட்க மாட்டார்கள். முட்டிவலிக்காரருக்குக் கீழே பாய் வேண்டாம். கட்டிலோ, சாய்ந்துகொள்ள வசதியான ஒரு சேரோ ஒதுக்கிவிடுங்கள். ராத்திரி அவர் எழுந்து நடக்கிற வழியில் ஒரு சின்ன பல்ப் எரியட்டும், தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு டீ, யாருக்குக் காபி என்று இப்போதே போனில் கேட்டுவிடுங்கள். கேட்பது கௌரவக் குறைவு என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது, அது எனக்குப் பிடிப்பதில்லை. நம் விருப்பத்தைக் கேட்டு நினைவில் வைத்திருக்கிறார்களே என்பது வருகிறவருக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் சமையல். அவர்கள் வருவது வடலூருக்கு. புலால் வேண்டாம் என்று சொன்ன வள்ளலாரின் ஊருக்குப் போகிறவர்களுக்காக நீங்கள் நாலு மணிக்கு எழுந்து முதுநகர் ஓட வேண்டியதில்லை. அவர் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அங்கே பசியோடு வருகிறவருக்குக் கிடைப்பது எளிய சோறுதான். அதைச் சாப்பிட்டுவிட்டு நிறைந்த முகத்தோடு வெளியே வருகிறவர்களை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் ராத்திரிக்கு இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் போதும். தாம்பரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று சொல்லிக் கொடுப்பதில் பத்து நிமிஷம் பேச்சு ஓடும். பூச நாளில் ஏழு திரை நீங்கும் ஜோதி தரிசனத்துக்கு நீங்களும் மகளும் அவர்களோடு கிளம்புங்கள், சமைக்கிறேன் என்று பின்தங்காதீர்கள். மூன்றாம் நாள் ஒரு குழம்பு, ஒரு பொரியல், அப்பளம். அதற்குச் சின்ன வெங்காயத்தை ஹாலுக்கே கொண்டுவந்து நாத்தனார் முன்னால் வைத்து உரிக்க உட்காருங்கள். அவர் கை தானாக வரும், தடுக்காதீர்கள். “நீங்க உட்காருங்க அண்ணி” என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அவர் விருந்தாளியாகவே தூர நிற்கிறார். வெங்காயம் உரிக்கிற அரை மணி நேரத்தில்தான் அவர் வீட்டுக் கதையெல்லாம் வெளியே வரும்.

உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. “ஏன் அலட்டிக்கிற” என்று சொன்னால் வேலை குறைந்துவிடாது. வருகிறவர் அவருடைய அக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிவருவது, பால் வாங்குவது, பாய் விரித்துச் சுருட்டுவது, பிள்ளைகளைச் சில்வர் பீச்சுக்கு அழைத்துப்போவது எல்லாம் அவர் பொறுப்பு. ஷிப்டைப் பார்த்து முன்கூட்டியே நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

மகளிடம் மறைக்க வேண்டாம். “அம்மாவுக்கு அன்னிக்குப் பயமா இருந்துச்சு, அதான் பொய் சொன்னேன்” என்றால் அவளுக்குப் புரியும். இனி உண்மையிலேயே முடியாத நாளில், “இந்த வாரம் முடியல அண்ணி, அடுத்த வாரம் வாங்க” என்று சொன்னால் போதும். சொந்தக்காரர்கள் அதைத் தாங்குவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கம் வராமல், படபடப்பு குறையாமல் வாரக்கணக்கில் போனால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்தும் இலவச சேவை, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் பெங்களூர்த் தோழியை நினைத்துக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன். அம்மாவைப் பறிகொடுத்து ஆறு மாதத்தில், அந்த அம்மாவை அறிந்த ஒருத்தியிடம் பேசத்தான் அவர் வந்திருக்க வேண்டும். அவர் சொன்னது குறை இல்லை, ஏக்கம். தைப்பூசம்வரை காத்திருக்காமல் இன்று ராத்திரியே அவருக்குப் போன் போடுங்கள். “அன்னிக்கு நான் அடுப்படியிலேயே இருந்துட்டேன்டி. அம்மாவைப் பத்தி இப்ப சொல்லு” என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
அம்மா