மாலேக்கு முட்டை போகும் வழி: மாலத்தீவு இறக்குமதி பற்றிக் கேள்வி பதில்

தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் பல வருடம் ஷிப்பிங் பில் போட்டவன் என்பதால் இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். மாலத்தீவு எதையெல்லாம் வெளியிலிருந்து வாங்குகிறது, அதில் வளரும் நாடுகளின் பங்கு என்ன என்பதுதான் பேச்சு. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நாமக்கல் நண்பர்: ஐந்து லட்சம் பேர் இருக்கும் நாட்டுக்கு 42 கோடி முட்டையா? செய்தியில் அச்சுப் பிழை என்று நினைத்தேன் சார்.

பிழை இல்லை. 2024-25க்கு மாலத்தீவுக்கு அனுப்ப இந்தியா ஒதுக்கியது சுமார் 42.75 கோடி முட்டை. மக்கள் தொகையால் வகுத்தால் ஆளுக்கு வருடம் 800க்கு மேல் வரும். அவ்வளவு யாரும் சாப்பிடமாட்டார்கள். இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 2024இல் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். ரிசார்ட்டில் காலைச் சாப்பாடு என்றால் ஆம்லெட் இல்லாமலா? இரண்டாவது, இது உச்சவரம்பு. இவ்வளவு வரை அனுப்பலாம் என்று அனுமதி, அவ்வளவுதான். அத்தனையும் போயே ஆக வேண்டும் என்பதில்லை.

உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு டிரேயில் 30 முட்டை, பன்னிரண்டு டிரே ஒரு பெட்டி, அதாவது 360. நாற்பது அடி குளிர்சாதன கன்டெய்னரில் சுமார் 4.7 லட்சம் முட்டை ஏறும். முழு ஒதுக்கீட்டையும் அனுப்பினால் ஏறக்குறைய 900 கன்டெய்னர்.

திருச்சி மாணவி: ஒரு அட்டவணையில் மாலத்தீவின் இறக்குமதியில் வளரும் நாடுகளின் பங்கு மிக அதிகமாக இருக்கிறது, இன்னொன்றில் பாதியாகத் தெரிகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், ‘வளரும் நாடு’ என்று யார் யாரைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால். உலக வங்கி வருமானத்தை வைத்துப் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், சிங்கப்பூர் மூன்றும் உயர்வருமான நாடுகள், வெளியே போய்விடும். ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்டாட்டின் பட்டியலிலோ இந்த மூன்றும் வளரும் நாடுகளோடுதான் நிற்கின்றன. மாலத்தீவுக்கு எரிபொருள் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வருகிறது. தீவுக்குத் தீவு டீசல் ஜெனரேட்டர், படகுக்கும் எண்ணெய், கடல் விமானத்துக்கும் எண்ணெய். பெரிய தொகை அது. அதை இந்தப் பக்கம் வைத்தால் ஒரு சதவீதம், அந்தப் பக்கம் வைத்தால் வேறொன்று.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாற்றி வரும் பொருளை, செய்த நாட்டின் பெயரில் எழுதுவதா, அனுப்பிய நாட்டின் பெயரிலா? சீனாவில் செய்த ஃபேன் சிங்கப்பூர் வழியாகத் தலைநகர் மாலேயில் இறங்கினால், எழுதும் முறையைப் பொறுத்து அது சீனச் சரக்காகவோ சிங்கப்பூர்ச் சரக்காகவோ ஆகிவிடும். உங்கள் புராஜெக்டில் எந்த வகைப்பாடு, எந்த முறை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அதே மாணவி: மாலத்தீவே வளரும் நாடுதானே?

ஆமாம். 2011 ஜனவரி 1 அன்று ஐ.நா.வின் ‘மிகவும் பின்தங்கிய நாடுகள்’ பட்டியலிலிருந்து மேலே வந்தது.

நெல்லை வாசகர்: சுற்றிலும் மணல். அவர்களுக்கு எதற்கு நம்ம ஊர் ஆற்று மணல்?

எல்லோரும் கேட்பது இது! அங்கே இருப்பது பவளம் உடைந்த மணல், உப்பு ஏறியது. கான்கிரீட்டில் போட்டால் கம்பி துருப்பிடிக்கும். பவளத்தைத் தோண்டினால் தீவைக் காக்கும் பாறையே போய்விடும். கடலைத் தூர்த்து நிலம் சேர்க்கத் தங்கள் கடலடி மணலையே உறிஞ்சிப் போடுகிறார்கள். அதன்மேல் எழும் மாடிக் கட்டடத்துக்குத்தான் ஆற்று மணலும் ஜல்லியும். 2024-25க்கு ஒவ்வொன்றிலும் 10 லட்சம் டன் ஒதுக்கீடு. ஆனால் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் அள்ளிய மணல் போகக்கூடாது என்பது நிபந்தனை. நம் ஆறுகள் இருக்கும் இருப்பில் இந்த மணல் ஒதுக்கீடு மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

சென்னை வாசகர்: 2024இல் இரண்டு நாட்டுக்கும் அவ்வளவு சண்டை. வியாபாரம் நின்றதா?

நிற்கவில்லை. ஜனவரியில் வார்த்தைப் போர் உச்சத்தில் இருந்தது, துருக்கியிலிருந்து அரிசி, மாவு வாங்கப்போகிறோம் என்று மாலத்தீவு அதிபர் முய்சு அறிவித்தார். ஏப்ரலில் இந்தியா வெளியிட்ட ஒதுக்கீடோ இரு நாடுகளின் 1981 வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு அதுவரை இல்லாத அளவு: அரிசி 1.24 லட்சம் டன், வெங்காயம் 35,749 டன். இந்தியா வெள்ளை அரிசிக்கும் வெங்காயத்துக்கும் மற்ற நாடுகளுக்குத் தடை போட்டிருந்த நேரத்திலும் இந்த வழி திறந்திருந்தது. சும்மா தாராளம் இல்லை, பக்கத்து வீட்டோடு உறவை அறுத்துக்கொள்ளாத புத்தி. மாலத்தீவும் ஒரே கடையில் நிற்கவில்லை. சீனாவோடு 2017இல் போட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது.

தூத்துக்குடித் தம்பி: அண்ணாச்சி, அங்கே காய்கறி அனுப்பலாம் என்று யோசிக்கிறேன். பார்த்துக்கொள்ள வேண்டியது எது?

தம்பி, பணம். முதலில் அதைக் கேள். வாங்குபவரிடம் சரக்கு விற்ற ரூஃபியா, அதாவது அவர்கள் நாட்டுப் பணம், கட்டுக்கட்டாக இருக்கும், வங்கியில் மாற்ற டாலர் கிடைக்காது. அரசு விலை டாலருக்கு 15.42 ரூஃபியா, வெளிச்சந்தையில் அதைவிட நிறையக் கூடுதல். நான் வேலை பார்த்த இடத்திலேயே தக்காளி இறங்கி, விற்று, எல்லோரும் தின்று முடித்த பிறகும் மாதக்கணக்கில் பணம் வராத பார்ட்டி உண்டு. அவர் ஏமாற்றவில்லை, டாலருக்கு வரிசையில் நின்றார். 2024 அக்டோபரில் நம் ரிசர்வ் வங்கி மாலத்தீவுக்கு 40 கோடி டாலர் வரையும், தனியே 3,000 கோடி ரூபாய் வரையும் நாணய மாற்று வசதி கொடுத்ததே இந்தத் தட்டுப்பாட்டால்தான். அதனால் முன்பணமோ, பணத்துக்கு வங்கி உத்தரவாதம் தரும் எல்.சி. கடிதமோ இல்லாமல் பெட்டியைப் பூட்டாதே.

அப்புறம் பருவம். தோணியில் அனுப்புவதாக இருந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓடாது, கப்பலைத்தான் நம்ப வேண்டும். தூரம் என்னவோ 700 கி.மீ. தான். ஆனால் மாலேயில் இறங்குவதோடு முடியாது. ஆள் வசிக்கும் தீவுகளே கிட்டத்தட்ட 190. மாலேயில் இறங்கிய மூட்டை இன்னொரு படகில் ஏறி, இன்னொரு கரையில் தோளில் இறங்கும். கொத்தமல்லிக் கட்டெல்லாம் அதைத் தாங்காது. வெங்காயம், உருளை, பூசணி என்று தொடங்கு.

மதுரை வாசகர்: திரும்பி வரும்போது அங்கிருந்து என்ன வரும்?

ஒரு காலத்தில், காசாகப் புழங்கிய சோழியை ஏற்றி வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்கினார்கள். சூரை மீனில் செய்யும் மாசிக் கருவாடு இன்றும் இலங்கைக்குப் போகிறது. இந்தப் பக்கம் வருவதில் முக்கியமானது பழைய இரும்பு. நாம் அனுப்பிய கம்பி, தகரம், ஜெனரேட்டர் உடைசல் எல்லாம் துருவேறித் திரும்பி வரும். அதற்கும் நான் பில் போட்டிருக்கிறேன்.